மூணாவது வாரத்துல ஒரு டூர், சொந்த மாவட்டத்துக்குள்ளயே

திங்கள்

டூர்னு சொன்னதும் பெருசா நினைச்சிராதீங்க. வீடு தக்கலை பக்கம், போறது வர்றது எல்லாம் குமரி மாவட்டத்துக்குள்ளயேதான், ராத்திரி ஆனா அவங்கவங்க கட்டில்ல வந்து படுத்துருவோம். அம்மாவுக்கு மார்புல கேன்சர், இடது பக்கம் ஆபரேஷன் முடிஞ்சு, சிவப்பு மருந்து கீமோ நாலும் முடிஞ்சு, இப்போ அடுத்த மருந்து, பாக்லிடாக்செல், மூணு வாரத்துக்கு ஒருக்கா ஓடிட்டு இருக்கு. திருவனந்தபுரம் ஆர்சிசிலதான், அதான் அங்க உள்ள மண்டல கேன்சர் ஆஸ்பத்திரி, ட்ரீட்மெண்ட். எங்க ஊர்ல இருந்து பாதிப் பேரு அங்கதான் போவாங்க, களியக்காவிளை தாண்டுற காலைப் பஸ்ஸுல மடியில ஃபைல் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கவங்கள பார்த்தாலே தெரியும்.

கீமோ இருக்கிற வீட்ல காலண்டர் மூணு மூணு வாரமாத்தான் நகரும். முதல் வாரம் எலும்புக்குள்ள குத்துற மாதிரி வலி, வாய்ல எதுவும் பிடிக்காது, குழம்பு தாளிக்கிற வாசம் கூட ஆகாது. ரெண்டாவது வாரம் வெள்ளை அணு கீழ இறங்கிற நேரம், அதனால கல்யாணம் காதுகுத்து கோயில் கூட்டம் எதுக்கும் போகக்கூடாது, வீட்டுக்கு வர்றவங்களையும் தும்மல் இருமல் இருக்கான்னு கேட்டுத்தான் உள்ள விடணும். மூணாவது வாரம்தான் மனுஷி பழைய மாதிரி. சோறு ருசிக்குது, மயினிய, அதான் எங்க அண்ணிய, குறை சொல்ல தெம்பு வருது, டிவி சத்தத்த கூட்டு குறைன்னு சண்டை வருது. சரி இந்த வாரத்த மருந்துக்காக காத்துக்கிட்டு கழிக்க வேண்டாம்னு நானும் அண்ணனும் பேசி, நான் சென்னைல இருந்து லேப்டாப்போட வந்துட்டேன், அண்ணன் லீவு போட்டான்.

அம்மாகிட்ட சொன்னப்ப முதல்ல கேட்டது, "எதுக்குட்டீ, சாகப் போறேன்னு ஊரச் சுத்திக் காட்டுறியளா?"

எனக்கு பதிலே வரல. மயினிதான் சமாளிச்சாங்க, "இல்ல அத்தே, அண்ணன் தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கிடைச்சது உலக அதிசயம், அத வீணாக்கக் கூடாதுல்லா." அதுக்கு அம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்போ மாத்தூர் போவோம்"னாங்க. பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கக்கிழமை லீவு, அதனால இன்னைக்கு மாத்தூர் தொட்டிப்பாலம்.

வண்டி ஓட்டுறது அப்பா. ரிட்டயர்ட் கவர்மெண்ட் பஸ் டிரைவர், மாவட்டத்துல எந்த ரோட்ல எங்க குழி, எந்த ஊர்ல பாத்ரூம் கொள்ளாம், எல்லாம் மனப்பாடம். ஆளு பேச மாட்டாரு. அம்மாவுக்கு சீக்குன்னு தெரிஞ்ச நாள்ல இருந்து இன்னும் கம்மியா பேசுறாரு, ஆனா ஸ்பீடு பிரேக்கர்ல வண்டி ஏறி இறங்குறதே தெரியாம ஓட்டுறாரு. முன் சீட்டு பெல்ட் சரியா ஆபரேஷன் பண்ண இடத்துலதான் வரும், அதுக்கு பழைய தலையணை உறைல பஞ்சு அடைச்சு ஒரு குட்டித் தலையணை தச்சு வச்சிருக்காங்க மயினி, பெல்ட்டுக்கு அடியில வச்சுக்கிட்டா உரசாது. மார்புல ஆபரேஷன் ஆனவங்க வீட்ல இருந்தா இத செஞ்சு பாருங்க. பையில தெர்மாமீட்டர், பிளாஸ்க்ல வெந்நீர், சானிடைசர், வாந்தி வந்தா பிடிக்க கவர், குடை, அப்புறம் ஆஸ்பத்திரி ஃபைல். டூருக்கு எதுக்கு ஃபைல்னு அண்ணன் கேட்டான். வழில எங்கயாச்சும் காட்ட வேண்டி வந்தா என்ன மருந்து ஓடுதுன்னு டாக்டருக்கு வாயால சொல்லிட்டு இருக்க முடியுமா?

தொட்டிப்பாலம் 1966ல கட்டினது, காமராஜர் காலத்து திட்டம். பறளியாத்துக்கு மேல 28 தூண், 115 அடி உயரம், மேல தொட்டில வாய்க்கால் தண்ணி போகும், பக்கத்துலயே நாம நடந்து போகலாம். அம்மாவோட அப்பா, எங்க பாட்டா, இதுல கல்லு சொமந்த ஆளு. அம்மா அப்போ கைக்குழந்தை. "இதுல எந்தத் தூணுக்கு எங்கப்பா சொமந்தாருன்னு தெரியலியே"ன்னு எட்டிப் பார்த்துட்டே நடந்தாங்க. ரத்தத்துல ஹீமோகுளோபின் கம்மி, ஒன்பதரைதான், பத்து நிமிஷம் நடந்தா மூச்சு வாங்குது. அப்பா பின்னாடியே வந்துட்டு, அம்மா நிக்கிற நேரமெல்லாம் தானும் நின்னு ஆத்தப் பார்க்கிற மாதிரி பார்த்தாரு. ஒரு தடவை கூட "முடியலியா"ன்னு கேக்கல. நானா இருந்தா பத்து தடவை கேட்டிருப்பேன். பாதி தூரத்துல அம்மாவே, "போதும், இங்க இறக்கி விட்ருங்க டிரைவரே"ன்னாங்க.

திரும்புற வழியில திற்பரப்பு. ஒரே கூட்டம், வண்டிய விட்டு இறங்கவே இல்ல. அருவிச் சத்தத்த கேட்டுட்டு ஏத்தன்பழம் தின்னுட்டு வந்தாச்சு.

செவ்வாய்

பத்மநாபபுரம் அரண்மனை. வீட்ல இருந்து கூப்பிடு தூரம், அதனாலயே அம்மா கடைசியா போனது என்னோட ஸ்கூல் டூருக்கு துணைக்கு வந்தப்பதான். இருக்கிறது தமிழ்நாட்டுல, பராமரிக்கிறது கேரளா தொல்லியல் துறை, 1956ல மாவட்டம் இங்க சேர்ந்த பொறவும் அரண்மனை மட்டும் அவங்க கைல.

செருப்ப வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகணும். பாக்லிடாக்செல்ல கை விரலும் உள்ளங்காலும் மரத்துப் போகும், நரம்புல வர்ற பக்க விளைவு, அதனால வீட்டுக்குள்ளயும் செருப்பு போட சொல்லியிருக்காங்க, கால்ல ஏதாச்சும் குத்தினா தெரியாதுல்ல. நாங்க கட்டியான சாக்ஸ் கொண்டு போயிருந்தோம். அம்மா போட மாட்டேன்னுட்டாங்க. அந்தத் தரை, தேங்கா சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக் கரு எல்லாம் சேர்த்து போட்டதுன்னு சொல்லுவாங்களே, கண்ணாடி மாதிரி கறுப்பா மின்னும், அதுல வெறுங்கால்ல நடக்கத்தான் வந்தேன்னு ஒரே பிடிவாதம். மயினி முன்னாடி குனிஞ்சு தரையப் பார்த்துக்கிட்டே போறாங்க, அம்மா பின்னாடி. கொஞ்ச தூரம் போயிட்டு நின்னாங்க.

"ஒண்ணும் தெரியலியே மக்களே. பஞ்சு மேல நடக்குத மாதிரி இருக்கு."

உக்காந்து கையால தடவிப் பார்த்தாங்க, விரலும் மரத்துத்தானே இருக்கு. அப்புறம் வலது முழங்கைக்குக் கீழ உள் பக்கத்த தரைல வச்சாங்க. வச்சிட்டு ஒரு சிரிப்பு. "ஆங், இப்போ தெரியுது. குளு குளுன்னு இருக்கு." பின்னாடி வந்த வடக்கத்திக்காரங்க ஏதோ சாமி கும்பிடுற முறைன்னு நினைச்சாங்க போல, ரெண்டு பேரு அதே மாதிரி தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாங்க.

மேல ராஜாவோட கட்டில் இருக்கு, டச்சுக்காரங்க குடுத்தது, 64 வகை மூலிகை மரத்துல செஞ்சதாம். அண்ணன் "இதுல ஒரு ராத்திரி படுத்தா எல்லாம் சரியாயிரும்மா"ன்னான். அம்மா, "படுத்த ராஜா ஒருத்தராச்சும் இப்போ உயிரோட இருக்காரா?" கைடு கூட சிரிச்சிட்டாரு.

மூலிகைன்னதும் ஒண்ணு சொல்லணும். எங்களுக்கு வந்த யோசனைகள எழுதினா தனி நோட்டு வேணும். முள்ளுசீத்தா இலைக் கஷாயம், லட்சுமி தரு இலைக் கஷாயம், கோமியம், சீனிய நிறுத்தினா கட்டி பட்டினி கிடந்து செத்துரும்னு ஒருத்தர். கொண்டு வந்து குடுக்கிறவங்க எல்லாம் பாசத்துலதான் குடுக்கிறாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா டாக்டர் தெளிவா சொல்லிட்டாங்க, கீமோ மருந்த ஈரல்தான் உடைச்சு வெளியேத்துது, அந்த நேரத்துல என்ன இருக்குன்னே தெரியாத கஷாயத்தயும் அது தலைல கட்டக் கூடாதுன்னு. அதனால எல்லாத்தையும் வாங்கி, நன்றி சொல்லி, தென்னை மூட்டுல ஊத்துறோம்.

ஊட்டுப்புரைல ஒரே நேரத்துல 2000 பேரு சாப்பிடலாம்னு கைடு பெருமையா சொன்னாரு. அம்மாவுக்கு ஒரே சந்தேகம்தான். "பாத்திரம் யாரு கழுவினா?"

புதன்

மணவாளக்குறிச்சில சித்தி வீடு. போற வழியில நெய்யூர். அந்த ஆஸ்பத்திரி பக்கம் வந்ததும் அதிசயமா அப்பாவே பேச ஆரம்பிச்சாரு, எவரெஸ்ட் ஏறப் போன டாக்டர் இங்கதான் வேலை பார்த்தாருன்னு. சாமர்வெல். 1922ல எவரெஸ்ட் போன குழுவுல இருந்த ஆளு, அது முடிஞ்சு ஊரு சுத்திப் பார்க்க தெக்க வந்தவரு நெய்யூர்ல நோயாளிங்க கூட்டத்தையும் அத்தனை பேருக்கும் அறுத்துப் பார்க்க ஒத்த டாக்டர் நிக்கிறதயும் பார்த்துட்டு, லண்டன் வேலைய விட்டுட்டு இங்கயே வந்துட்டாரு. 1924ல மறுபடி எவரெஸ்ட் போயி ஆக்சிஜன் இல்லாம 28000 அடி வரை ஏறினாரு. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா நெய்யூர்தான். வெத்திலையும் போயிலையும் போட்டு வாய்ல புத்து வந்தவங்கதான் அப்போ கூட்டம் கூட்டமா வருவாங்களாம். நம்ம பாட்டிமாரு எல்லாரும் இடுப்புல வெத்திலைப் பை சொருகின ஆளுங்கதானே.

"அந்தக் காலத்துல ஆளு வண்டி கட்டி வந்துருக்கான். நாம ஏசி கார்ல போறோம்"னாரு அப்பா. இது யாருக்கு சொன்ன ஆறுதல்னு தெரியல. அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துட்டே, "ஏசிய கொஞ்சம் குறைங்க"ன்னாங்க.

சித்தி வீட்ல சாளை மீன் புளிமுளம், மரச்சீனிக் கிழங்கு. அம்மா ரெண்டாவது தடவை வாங்கித் தின்னாங்க. மீன் நல்லா வெந்திருக்கணும், அவ்வளவுதான், அசைவம் சாப்பிடக்கூடாதுன்னு யாரும் சொல்லல, சொல்லப் போனா முட்டையும் மீனும் நிறைய சாப்பிடச் சொல்லுறாங்க.

சாப்பிட்டு முடிஞ்சதும் சித்தப்பா மண்ண எடுத்தாரு. பேச்சுலதான். இந்தக் கடற்கரை மணல்ல மோனசைட்னு ஒரு கனிமம் இருக்கு, அதுல கதிர்வீசுற தோரியம், அரசாங்கமே மணல் ஆலை வச்சு பிரிக்குது, கதிர்வீச்சு சாதாரண ஊர விட கூட. "இந்த மண்ணாலதான் நம்ம மாவட்டத்துல இவ்வளவு கேன்சரு"ன்னு அடிச்சு சொன்னாரு. நானும் இதப் பத்தி தேடிப் படிச்சிருக்கேன். கேரளால கருநாகப்பள்ளி கடற்கரையிலயும் இதே மாதிரி மணல்தான். அங்க ஆயிரக்கணக்கான ஆளுங்கள பல வருஷம் தொடர்ந்து கவனிச்சு 2009ல வந்த ஆய்வு முடிவுல, அந்த மண்ணோட கதிர்வீச்சால கேன்சர் கூடினதா தெரியலன்னுதான் இருக்கு. அத ஆர்சிசிக்காரங்கதான் பண்ணினது. நான் இத சொன்னா சித்தப்பா கேப்பாரா, "அவனுவ அப்பிடித்தான் எழுதுவானுவ"ன்னாரு.

அம்மாதான் முடிச்சு வச்சாங்க. "நான் பொறந்து வளந்தது எல்லாம் தக்கலை பக்கம். இந்த மண்ணுல நான் கால் வச்சதே எந்தங்கச்சிய நீ கெட்டின பொறவுதான். முப்பது வருஷமா இதுல புரளுத நீங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கியே, எனக்கு வந்துருக்கு. பொறவு மண்ண எதுக்கு சொல்லுத?"

எதனால வந்துச்சு, எதனால வந்துச்சுன்னு கேக்கிறவங்களுக்கு இதுக்கு மேல என்ன பதில் இருக்கு. எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல, அம்மாவுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்ல. ஆனா இந்தக் கேள்விய அம்மா எதிர்லயே வச்சு கேக்கிறாங்க பாருங்க, ஏதோ அவங்க செஞ்ச தப்ப கண்டுபிடிக்கப் போற மாதிரி. அதுதான் எரிச்சல்.

வியாழன்

இன்னைக்கு வட்டக்கோட்டை போறதா பிளான். காலைல அம்மா முகம் கொஞ்சம் சிவப்பா இருந்துச்சு, மயினி தெர்மாமீட்டர வச்சாங்க, 100.1. வீடே நின்னு போச்சு. கீமோல இருக்கிறவங்களுக்கு 100.4 வந்துட்டா ராத்திரி பகல் பார்க்காம ஆஸ்பத்திரிக்கு ஓடணும், நாமளா காய்ச்சல் மாத்திரை குடுத்து குறையுதான்னு பார்த்துட்டு இருக்கக் கூடாது, ஏன்னா வெள்ளை அணு கம்மியா இருந்தா சின்ன கிருமி கூட சில மணி நேரத்துல ரத்தத்துல ஏறிரும், மாத்திரை அந்தக் காய்ச்சல மட்டும் மறைச்சிரும். முதல் நாளே நர்ஸ் இத எழுதிக் குடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டச் சொன்னாங்க, ஒட்டியிருக்கோம்.

நான் ஃபைல எடுக்கிறேன், அண்ணன் ஆர்சிசிக்கு போன் போடுறான், வெளிய வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தம். அப்பா சட்டை பட்டன் கூட போடாம ஸ்டியரிங்ல உக்காந்துட்டாரு. அம்மா மட்டும் சாவகாசமா அடுக்களைல இருந்து, "எதுக்கு இந்த வெப்ராளம்? இப்பதான் சூடா ஒரு சாயா குடிச்சேன்."

சாயா குடிச்ச வாய்லதான் மயினி தெர்மாமீட்டர வச்சிருக்காங்க. அரை மணி நேரம் கழிச்சு பார்த்தா 98.4. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா வச்சு பார்த்தோம், ஏறவே இல்ல. அப்பாகிட்ட வந்து சொன்ன பொறவும் கொஞ்ச நேரம் இன்ஜின அணைக்கல.

வட்டக்கோட்டை நாளைக்குன்னு தள்ளி வச்சோம். வீட்ல இருக்கோம்னு தெரிஞ்சதும் ஆள் வர ஆரம்பிச்சுட்டாங்க. வர்றவங்கள்ல ரெண்டு வகை. ஒரு வகை, வாசல்லயே அழுதுட்டு வருவாங்க, அவங்கள அம்மா தேத்தணும், சாயா போடணும், அவங்க சொந்தத்துல யாரெல்லாம் இதுல செத்தாங்கன்னு கதை கேக்கணும். இன்னொரு வகை, பக்கத்து வீட்டு அக்கா மாதிரி. ஞாயித்துக்கிழமை சர்ச்ல அம்மா பேரு சொல்லி ஜெபம் பண்றாங்க, அது போக கீமோ நாள்ல எங்க ஆடு ரெண்டுக்கும் குழை ஒடிச்சுப் போடுறது அவங்கதான். கேக்காமலே செய்வாங்க. கேன்சர் வீட்டுக்கு என்ன கொண்டு போகன்னு தெரியாதவங்க இப்பிடி ஒரு வேலைய எடுத்துக்கோங்க, ஆரஞ்சு ஏற்கனவே நாலு கிலோ இருக்கு.

வெள்ளி

காலைல தோவாளை பூ மார்க்கெட். கூட்டம் கலையட்டும்னு ஒன்பது மணிக்கு மேல, மாஸ்க் போட்டுட்டு, மார்க்கெட் ஓரமா ஒரு கடை. அம்மாவுக்கு பிச்சிப்பூன்னா உயிர். முடி இருந்த காலத்துல பிச்சி இல்லாம வெளிய இறங்க மாட்டாங்க. இப்போ தலைல ஸ்கார்ஃப்தான். பூக்காரம்மா ஸ்கார்ஃபப் பார்த்தாங்க, புருவம் இல்லாததப் பார்த்தாங்க, புரிஞ்சு போச்சு. அம்மா பாதி விலை கேட்டதும், "எடுத்துட்டுப் போம்மா"ன்னு அப்பிடியே குடுத்துட்டாங்க.

அம்மா வாங்கல. "நான் கேட்டா நீ முடியாதுன்னுல்லா சொல்லணும்? ஒரு தடவ கூட சொல்லாம தந்தா என்ன யாவாரம் இது?" அந்தப் பாவம் முழிக்குது. அப்புறம் அதுக்கும் புரிஞ்சிருக்கணும், இடுப்புல கை வச்சிட்டு, "கட்டுப்படியாகாதும்மா, வேற கடை பாரு"ன்னுச்சு. அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் சண்டை. கடைசில முக்கால் விலைக்கு முடிஞ்சது. வண்டில ஏறும்போது அம்மா முகத்துல இருந்த சந்தோஷம் இந்த வாரம் பூரா நாங்க காட்டின எந்த இடத்துலயும் வரல. பூ பாதி மயினிக்கு, பாதி சாமி படத்துக்கு.

அஞ்சுகிராமம் வழியா வட்டக்கோட்டை. குளச்சல் போர்ல 1741ல மார்த்தாண்ட வர்மா டச்சுப் படைய தோற்கடிச்சாருல்ல, அதுல பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய் பொறவு ராஜாவுக்கே தளபதியா மாறி இந்தக் கோட்டையயும் பலப்படுத்தினாரு. அந்த ஆளு கல்லறை எங்க வீட்டுப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குள்ளதான் இருக்கு. எதிராளிய பிடிச்சு நம்ம வேலைக்கு வச்சுக்கிறதுன்னா அது பெரிய சாமர்த்தியம்தான்.

மேல மதில்ல ஏறினதும் கடக்காத்து. ஸ்கார்ஃப் பறந்து போச்சு. பக்கத்துல போட்டோ எடுத்துட்டு இருந்த புதுசா கல்யாணம் ஆன ஜோடி சட்டுனு திரும்பிக்கிட்டாங்க. நான் என் துப்பட்டாவ எடுக்கிறேன், அம்மா கைய தட்டி விட்டாங்க. "விடுட்டீ. எவ்வளவு நாளாச்சு காத்து பட்டு." அப்பா அதுக்குள்ள ஸ்கார்ஃபத் துரத்திட்டு மதில் ஓரமா ஓடுறாரு, அறுபத்தஞ்சு வயசுல. அம்மா சத்தம் போட்டு, "இஞ்சருங்க, அது போட்டும், நீங்க விழுந்துராதீங்க, உங்கள நான் எங்க கொண்டு காட்ட?"

சனி

காலைல ரத்தம் எடுக்க லேப் ஆள் வந்தாரு. வலது கைலதான் எடுக்கணும், இடது பக்கம் அக்குள்ல நெறி கட்டிய எடுத்திருக்காங்க, அந்தக் கைல ஊசியோ பிரஷரோ வச்சா வீங்கிரலாம். ஒவ்வொரு தடவையும் சொல்லணும், சொல்லாம இருந்தா பழக்கத்துல இடது கைய நீட்டச் சொல்லுவாங்க.

சாயங்காலம் ரிசல்ட். நியூட்ரோபில், அதான் கிருமிய எதிர்க்கிற ஒரு வகை வெள்ளை அணு, 1100. கீமோ ஏத்த 1500 ஆச்சும் வேணும். ஆர்சிசிக்கு போன் பண்ணினோம், திங்கக்கிழமை வர வேண்டாம், ஒரு வாரம் தள்ளி வச்சு மறுபடி ரத்தம் பாருங்க, காய்ச்சல் வந்தா மட்டும் உடனே வாங்கன்னாங்க. ஊர் சுத்தினதாலயான்னு நான் கேட்டே கேட்டேன். டாக்டர் பொறுமையா சொன்னாங்க, இல்ல, மருந்துல ரத்த அணு உண்டாகிற எலும்பு மஜ்ஜை அடி வாங்கியிருக்கு, சிலருக்கு எழும்ப ஒரு வாரம் கூட ஆகும், நடந்ததாலயோ கார்ல போனதாலயோ கவுண்ட் இறங்காது, மாதுளை தின்னா ஏறவும் ஏறாதுன்னு.

இத மாமிகிட்ட யாரு சொல்றது. ஏழு மணிக்கு போன் வந்துருச்சு, எப்பிடித்தான் தெரியுமோ. "நான் அப்பவே சொன்னேன்லா, சீக்குக்காரிய தூக்கிட்டு கோட்டை கொத்தளம்னு அலைஞ்சா கவுண்ட் குறையாம என்ன செய்யும்?" ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம். நான் வாயத் திறக்கிறதுக்குள்ள அம்மா போன வாங்கிட்டாங்க.

"ஆமா மைனி, குறைஞ்சுதான் போச்சு. ஒரு வாரம் சும்மா இருக்கச் சொல்லியாச்சு. இனி சிதறால் மலை பாக்கி இருக்கு, கூட்டம் இல்லாத நேரமா பார்த்து காலைல போலாம்னு இருக்கோம். நீங்களும் வாறியளா?"

மாமி அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம் மெதுவா, எத்தன மணிக்கு கிளம்புவீங்கன்னு கேட்டாங்க.

அப்பா பேப்பர்ல இருந்து தலையத் தூக்காமலே, "பின் சீட்டுல மூணு பேருக்கு மேல ஏத்த மாட்டேன். சொல்லிரு."